ஒரு அமைச்சர், ஒரு அப்பம்மா: சிமோன் வெய்யை நினைத்தல்

பாரிஸில் இருக்கிற எங்கட சொந்தக்காரரில் கன பேருக்கு இந்தப் பெயர் ஒரு ஸ்டேஷன் பெயராகத் தெரிஞ்சிருக்கும். மெட்ரோ 3ஆம் இலக்கப் பாதையில் 'ஐரோப்பா' என்று இருந்த நிறுத்தம் 2018இல் 'ஐரோப்பா – சிமோன் வெய்' ஆனது. இன்னும் சில பேருக்கு 'வெய் சட்டம்' என்று தெரிஞ்சிருக்கும். பிரான்சில் கருக்கலைப்பைக் குற்றப்பட்டியலில் இருந்து வெளியே எடுத்த 1975ஆம் ஆண்டுச் சட்டம் அது. தத்துவம் வாசிக்கிற நண்பர்கள் "ஆ, அந்த சிமோன் வெய்யா?" என்று கேட்பார்கள். அவர் வேறு ஆள். பிரெஞ்சில் உச்சரிப்பு ஒன்று, எழுத்து வேறு. தமிழில் எழுதும்போது ரெண்டு பேரும் ஒரே ஆளாகிப் போகிறார்கள்.

இந்தக் கட்டுரை அமைச்சராக இருந்த சிமோன் வெய்யைப் பற்றியது. பன்னிரண்டு பேரப்பிள்ளைகளின் அப்பம்மாவைப் பற்றியதும்தான். (மூன்றும் ஆம்பிளைப் பிள்ளைகள். ஆகவே அம்மம்மா அல்ல, அப்பம்மா.) ரெண்டையும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் இருக்கு. அவருடைய அரசியலை அவருடைய அம்மாவில் இருந்து தொடங்கி, பேரப்பிள்ளைகள் வரைக்கும் போனால்தான் வடிவா விளங்கும்.

1927 ஜூலை 13, நீஸ் நகரம். மத்தியதரைக் கடற்கரை. யூதக் குடும்பம், ஆனால் சமய அனுட்டானங்கள் பெரிதாக இல்லாத வீடு. அப்பா அந்த்ரே ஜாக்கோப் கட்டடக் கலைஞர். அம்மா இவோன் இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்தவர். கலியாணத்தோடு படிப்பை நிறுத்தச் சொன்னார் கணவர், நிறுத்தினார். வீட்டுச் செலவுக்குக் கூட ஒவ்வொரு நாளும் கணக்குக் காட்ட வேண்டிய நிலை. சிமோன் நாலு பிள்ளைகளில் கடைக்குட்டி. மூத்தவர் மதலேன், வீட்டில் மிலூ. அடுத்து தெனிஸ், பிறகு அண்ணன் ஜான். இந்தக் கணக்குக் கொப்பி விஷயத்தைச் சின்ன வயதிலேயே கவனித்துவிட்டார் சிமோன். அம்மாவும் பெண் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: படியுங்கோ, சொந்தமாக உழையுங்கோ.

இன்னொரு விஷயம். முதலாம் உலகப் போருக்குப் பிறகு அப்பாவுக்கு ஜேர்மனியரைக் கண்ணில் காட்டக் கூடாது. அம்மாவோ பிரான்சும் ஜேர்மனியும் சமாதானமாகப் போக வேண்டும் என்ற கட்சி. சாப்பாட்டு மேசையில் நடந்த இந்த வாக்குவாதத்தை மறக்காமல் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

1940 ஒக்டோபரில் விஷி அரசாங்கம் யூதர்களுக்கு எதிரான சட்டத்தைக் கொண்டுவந்தது. அப்பாவால் தொழில் செய்ய முடியாமல் போனது. இருந்தாலும் நீஸ் கொஞ்சக் காலம் இத்தாலியரின் கையில் இருந்ததால், அங்கே யூதர்களுக்கு மூச்சுவிட இடம் இருந்தது. 1943 செப்டெம்பரில் ஜேர்மனியர் வந்ததும் அதுவும் முடிந்தது. பொய் அடையாள அட்டைகள், ஆளுக்கொரு வீட்டில் ஒளிப்பு. சிமோன் தன் ஆசிரியை ஒருவரின் வீட்டில் தங்கினார். 1944 மார்ச் கடைசியில் பல்கலைக்கழக நுழைவுக்கான பக்கலோரேயா பரீட்சையை எழுதினார், அதுவும் தன்னுடைய உண்மையான பெயரில். பரீட்சை முடிந்த மறுநாள், மார்ச் 30, நண்பர்களோடு கொண்டாடப் போன வழியில் பிடிபட்டார். அதே நாளில் அம்மா, மிலூ, ஜான். சில நாட்களில் அப்பாவும். தெனிஸ் மட்டும் லியோன் பக்கம் எதிர்ப்பியக்கத்தில் இருந்ததால் அந்த நேரம் தப்பினார்.

பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பதினாறு வயதுப் பிள்ளை. அந்த நிலை எங்களில் எல்லாருக்கும் தெரியும்தானே.

ஏப்ரல் 13ஆம் தேதி ட்ரான்சி முகாமில் இருந்து புறப்பட்டது 71ஆம் இலக்கத் தொடர். சுமார் 1,500 பேர். இசியூ என்ற கிராமத்து விடுதியில் ஒளித்து வைக்கப்பட்டிருந்து பிடிபட்ட குழந்தைகளில் 34 பேரும் அதே ரயிலில். ரெண்டரை நாள் கழித்து அவுஷ்விட்ஸ்-பிர்க்கெனாவில் இறக்கினார்கள், இரவு நேரம். இருட்டில் யாரோ ஒரு கைதி பிரெஞ்சில் அவர் காதுக்குள் சொன்னார்: வயது கேட்டால் 18 என்று சொல். சொன்னார். அந்த ஒரு பொய்தான் அவரை எரிவாயு அறைக்குப் போகும் வரிசையில் இருந்து மற்றப் பக்கத்துக்குத் திருப்பியது. அன்றிரவு கூட வந்த தோழி ஒருத்தியிடம் ஒரு சென்ற் போத்தல் இருந்தது. எப்படியும் பறிக்கத்தான் போகிறார்கள் என்று தெரிந்து, பெண்கள் அதை மாறி மாறித் தங்கள் மேல் பூசிக்கொண்டார்கள். விடியற்காலையில் கையில் இலக்கம் குத்தினார்கள்: 78651.

முகாமைப் பற்றி நான் நிறைய எழுதப் போவதில்லை. ஒரு சம்பவம் மட்டும். 1944 ஜூலையில் ஸ்டெனியா என்ற போலந்துக்காரக் கப்போ, அதாவது கைதிகளை மேய்ப்பதற்குக் கைதிகளுக்குள் இருந்தே நியமிக்கப்பட்டவர், சிமோனைப் பார்த்து, நீ இங்கே சாகிறதுக்கு மிச்சம் வடிவு, உன்னை வேறு இடத்துக்கு மாற்றிவிடுகிறேன் என்ற மாதிரிச் சொல்கிறார். பொப்ரெக் என்ற சின்ன முகாம். சீமென்ஸ் கம்பனிக்கு வேலை. பிர்க்கெனாவோடு ஒப்பிட்டால் உயிர் தப்பும் வாய்ப்பு மிக அதிகம். பதினேழு வயதுப் பிள்ளை சொன்ன பதில்: அம்மாவும் அக்காவும் வராவிட்டால் நானும் போகமாட்டேன். பேரம் பேசும் நிலையிலா அவர் இருந்தார்? ஆனாலும் பேசினார். கப்போவும் ஒத்துக்கொண்டார். மூன்று பேரும் போனார்கள்.

1945 ஜனவரி 18இல் செம்படை நெருங்கியதும் கைதிகளைப் பனிக்குள்ளால் நடத்திக்கொண்டு போனார்கள். பிறகு திறந்த ரயில் பெட்டிகள். கடைசியாக பேர்கன்-பெல்சன். அங்கே மார்ச் மாதம் அம்மா டைபஸ் காய்ச்சலில் செத்துப்போனார். ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 15, பிரித்தானியப் படை உள்ளே வந்தது. ஒரு மாதம்.

அப்பாவும் அண்ணன் ஜானும் 73ஆம் இலக்கத் தொடரில் பால்டிக் நாடுகளின் பக்கம் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. எங்கே, எப்படி என்று குடும்பத்துக்குக் கடைசி வரைக்கும் சரியாகத் தெரிய வரவுமில்லை. இந்த வரியை எழுதும்போது எங்கட பக்கம் வாசிக்கிறவர்களுக்கு மேலதிக விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்த மகள்மார் மூன்று பேர். தெனிஸும் பிறகு பிடிபட்டு ராவென்ஸ்புரூக் முகாமில் இருந்து மீண்டவர். இங்கேதான் சிமோன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வேதனை வருகிறது. தெனிஸ் எதிர்ப்பியக்கப் போராளி. கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள், கதை கேட்டார்கள், மாலை போடாத குறை. சிமோனும் மிலூவும் 'வெறும்' யூதர்களாகக் கொண்டு போகப்பட்டவர்கள். அவர்களுடைய கதையைக் கேட்க ஒருவருக்கும் விருப்பமில்லை. ஒரே குடும்பம், ஒரே வீடு, ரெண்டு வகை நினைவு. போராடினவர்களுக்கு நினைவுச்சின்னம், வெறுமனே பாதிக்கப்பட்டவர்களுக்கு அமைதி. போருக்குப் பிந்திய பிரான்சுக்கு வீரர்கள் தேவைப்பட்டார்கள், சாட்சிகள் தேவைப்படவில்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு விருந்து. மேலதிகாரி ஒருவர் சிமோனின் கையில் இருந்த இலக்கத்தைக் காட்டி, இது என்ன, கோட்டுக் கொடுத்து வைக்கிற இடத்து இலக்கமா என்று சிரித்தபடி கேட்டார். பகிடியாம். அதற்குப் பிறகு கனகாலம் அவர் நீளக்கை உடுப்புகளையே போட்டார்.

அவர் சட்டமும் அரசியல் விஞ்ஞானமும் படித்தார். 1946இல் அந்துவான் வெய்யைக் கலியாணம் செய்தார். ஜான், குளோட்-நிக்கோலா, பியர்-பிரான்சுவா என்று மூன்று மகன்கள். 1950களின் தொடக்கத்தில் கணவருக்கு வேலை மாற்றம் கிடைத்தது, எங்கே என்று நினைக்கிறீர்கள்? ஜேர்மனிக்கு. முகாமில் இருந்து வெளியே வந்து ஐந்து வருடத்தில், கைக்குழந்தைகளோடு அங்கே குடியிருக்கப் போனார். சொந்தக்காரர், நண்பர்கள் எல்லாரும் அதிர்ந்து போனார்கள். அவர் போனார். அம்மாவின் கட்சி அது. 1952இல் தங்கச்சியையும் குடும்பத்தையும் பார்க்க அங்கே வந்துவிட்டுத் திரும்பும் வழியில் மிலூ வாகன விபத்தில் இறந்தார். பிர்க்கெனாவிலும் பெல்சனிலும் கூடவே இருந்த அக்கா, ஒரு சாதாரண வீதியில் போய்விட்டார்.

சட்டத்தரணியாக வேண்டும் என்பது சிமோனின் ஆசை. அந்துவான், இது பெண்களுக்குச் சரிவராத தொழில் என்றார். (நல்ல மனுஷன், அன்பானவர், அறுபத்தாறு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள், இருந்தாலும் இதைச் சொன்னார்.) அம்மாவின் கணக்குக் கொப்பி இங்கே திரும்ப வருகிறது. சிமோன் வேலையை விடவில்லை. நடுவில் ஒரு வழி பிடித்து, நீதித்துறைப் பரீட்சை எழுதி, 1957இல் நீதி அமைச்சின் சிறைச்சாலை நிர்வாகப் பிரிவில் சேர்ந்தார்.

அவருடைய கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்த ஏழு வருடம். ஆனால் இதைப் பற்றித்தான் எல்லாரும் குறைவாக எழுதுகிறார்கள், ஏனென்றால் இதில் கமராவும் இல்லை, மேடையும் இல்லை. 1957 முதல் 1964 வரை நாடு முழுக்கச் சிறைச்சாலை சிறைச்சாலையாகப் போனார். அங்கே கண்டது மத்திய காலம் என்று பிறகு சொன்னார். அடைத்து வைக்கப்பட்டவர்களின் உடல், உடுப்பு, சாப்பாடு, மருந்து, இதுகளை அவர் பார்த்த கண் வேறு யாருக்கும் இருந்திருக்காது. அதே காலம் அல்ஜீரிய விடுதலைப் போர். அல்ஜீரியாவில் பிரெஞ்சுச் சிறைகளில் இருந்த அல்ஜீரியப் பெண் கைதிகள் சித்திரவதைக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளாகும் ஆபத்தில் இருந்தார்கள். 1959இல் அங்கே பரிசோதனைக்குப் போனவர், அவர்களைப் பிரான்சில் உள்ள சிறைகளுக்கு மாற்றுவதற்கு ஏற்பாடு செய்தார். யோசித்துப் பாருங்கள்: அரசின் கண்ணில் அந்தப் பெண்கள் பயங்கரவாதிகள். சிமோன் அரச உத்தியோகத்தர். மேலிடத்துக்கு அறிக்கை எழுதி, கோப்பை நகர்த்தி, கையெழுத்து வாங்கி, அந்தப் பெண்களை அங்கிருந்து வெளியே எடுத்தார். கருணை என்ற சொல்லை அவரோடு சேர்த்து எழுத எனக்கு இதுதான் காரணம். அது கண்ணீராக வராமல், கோப்பாக வந்த கருணை.

1974 மே மாதம் ஜிஸ்கார் டெஸ்தேன் ஜனாதிபதியானார். சிமோன் வெய் சுகாதார அமைச்சர். பிரான்சில் முழு அமைச்சர் பதவிக்கு வந்த இரண்டாவது பெண். முதலாமவர் 1947இல் வந்தவர். இடைப்பட்ட காலத்தை நீங்களே கழித்துப் பாருங்கள்.

கருக்கலைப்பு அப்போது 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். விஷி காலத்தில், 1943இல், கருக்கலைப்புச் செய்து கொடுத்ததற்காக ஒரு பெண் கில்லட்டினில் வெட்டப்பட்டிருக்கிறார். 1971இல் 343 பெண்கள், நாங்களும் கருக்கலைப்புச் செய்திருக்கிறோம் என்று பெயர் போட்டுக் கையெழுத்து வைத்து அறிக்கை விட்டார்கள். 1972இல் பொபினியில் ஒரு வழக்கு. பாலியல் வல்லுறவுக்கு ஆளாகிக் கருவைக் கலைத்த 16 வயது மாணவியும், அவருக்கு உதவிய அம்மாவும் குற்றவாளிக் கூண்டில். சட்டத்தரணி ஜிசேல் ஹலிமி அந்த வழக்கை அந்தச் சட்டத்தின் மீதான வழக்காகவே மாற்றிவிட்டார். ஆக, வெய் இந்தப் பாதையைத் தனியே வெட்டவில்லை. வீதியில் பெண்கள் வெட்டி வைத்திருந்தார்கள். பாராளுமன்றத்துக்குள்ளால் அதைக் கொண்டுபோக ஒரு ஆள் தேவைப்பட்டது. உண்மையில் அது நீதி அமைச்சர் லெக்கானுவேயின் வேலை. அவர் தன் மனச்சாட்சி இடம் கொடாது என்று ஒதுங்கினார். பந்து சுகாதார அமைச்சுக்கு வந்தது.

நவம்பர் 26. அவையில் 490 பேர், அதில் பெண்கள் 9 பேர். வெய் எழுந்து, கிட்டத்தட்ட முழுக்க ஆண்களாலேயே நிறைந்த இந்தச் சபையில் ஒரு பெண்ணாக இதைச் சொல்கிறேன் என்று மன்னிப்புக் கேட்கிற தொனியில் தொடங்கி, எந்தப் பெண்ணும் சந்தோஷமாகக் கருவைக் கலைப்பதில்லை, பெண்களிடம் கேட்டாலே தெரியும் என்றார். ஒவ்வொரு வருடமும் மூன்று லட்சம் பெண்கள் களவாக, உடம்பைப் பணயம் வைத்து இதைச் செய்கிறார்கள் என்றார். காசு உள்ளவர்கள் லண்டனுக்கோ நெதர்லாந்துக்கோ போய் வருகிறார்கள், காசு இல்லாதவர்கள் பின்வாசலில் சாகிறார்கள் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். உரிமைக் கோஷம் போடவில்லை. சட்டத்தரணிக்குரிய நிதானம், சுகாதார அமைச்சருக்குரிய கணக்கு. பெண்ணிய அமைப்புகளில் சில பேருக்கு அந்தத் தொனி பிடிக்கவில்லை. எனக்கும் முதலில் வாசித்தபோது, ஏன் இவ்வளவு தாழ்ந்து பேசுகிறார் என்று இருந்தது. பிறகு அந்தச் சபையில் மூன்று நாளும் என்ன நடந்தது என்று வாசித்தால், அவர் தன் குரலை எவ்வளவு கவனமாக அளந்து பாவித்தார் என்று தெரியும்.

25 மணித்தியாலத்துக்கு மேல் விவாதம். ஒரு உறுப்பினர் கருவின் இதயத்துடிப்பைப் பதிவு செய்து கொண்டுவந்து ஒலிக்கவிட்டார். இன்னொருவர், ஜான்-மாரி தாயே, கருக்களைச் சூளைகளில் எரிப்பதைப் பற்றிப் பேசினார், நாஸிகளின் சூளைகளை நினைவுபடுத்தி. யாரைப் பார்த்து? பிர்க்கெனாவில் அந்தப் புகையை மாதக்கணக்காகப் பார்த்த பெண்ணைப் பார்த்து. அவருடைய கடந்த காலம் தனக்குத் தெரியாது என்று பிறகு அந்த மனிதர் சொன்னார். வெய் குடும்பம் இருந்த கட்டடத்தின் சுவரில் ஸ்வஸ்திகா கீறினார்கள். வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. சபையில் அவர் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு இருக்கிற ஒரு பிரபலமான படம் இருக்கு. அழுகிறார் என்று பத்திரிகைகள் எழுதின. இல்லை, களைத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான் என்று அவர் சொன்னார்.

நவம்பர் 29 விடியற்காலை வாக்கெடுப்பு. ஆதரவு 284, எதிர்ப்பு 189. அவருடைய சொந்த ஆளும் தரப்பில் பெரும்பான்மையானவர்கள் எதிர்த்தே வாக்களித்தார்கள். இடதுசாரிகள்தான் சட்டமூலத்தைக் காப்பாற்றினார்கள். 1975 ஜனவரி 17இல் சட்டமானது.

அந்தச் சட்டத்தின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். பத்து வாரம் வரைக்கும் மட்டும். ஐந்து வருடத்துக்குத் தற்காலிகம். 1979 கடைசியில்தான் நிரந்தரமானது. வயது வராதவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். வெளிநாட்டுப் பெண்களுக்கு வதிவிடக் கட்டுப்பாடு. செலவை அரச காப்புறுதி ஏற்காது. அது 1982இல்தான் வந்தது. அதாவது ஏழைப் பெண்களுக்காக என்று வாதாடிப் பெற்ற சட்டத்தில், ஏழைப் பெண்களுக்குக் கதவு பாதிதான் திறந்தது. வாக்குகளை வாங்குவதற்குக் கொடுத்த விலை அது. இலங்கையில் இருந்து வாசிக்கிற நாங்கள் இதைப் பார்த்து உச்சுக் கொட்டவும் முடியாது. எங்கட சட்டம் இன்றைக்கும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைதான், தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும் என்கிற அதே 303ஆம் பிரிவு.

அமைச்சராக அவர் செய்த மற்ற வேலைகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கருத்தடையை எளிதாக்கிய சட்டம், 1974 டிசம்பர். புகையிலை விளம்பரத்துக்குக் கடிவாளம் போட்ட சட்டம், 1976. 1993இல் திரும்பவும் அமைச்சராக வந்தபோது, எய்ட்ஸ் பரவிக்கொண்டிருந்த காலத்தில், போதைப்பொருள் பாவிக்கிறவர்களை நோயாளிகளாகப் பார்க்கிற மாற்று மருந்துத் திட்டங்களுக்கு இடம் கொடுத்தார். ஆளைப் பிடித்து உள்ளே போடுவதற்குப் பதிலாக மருந்தைக் கொடு என்கிற அந்தப் புத்தி, பழைய சிறைச்சாலைக் காலத்துச் சிமோனுடையது.

1979இல் ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு முதன்முறையாக மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். ஜூலை 17இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் அதன் தலைவராகத் தெரிவானவர் சிமோன் வெய். ஜேர்மன் உறுப்பினர்களும் இருந்த சபை. கையில் இலக்கம் குத்தப்பட்ட பெண் தலைமை ஆசனத்தில். சாப்பாட்டு மேசை வாக்குவாதம் ஞாபகம் இருக்கா? அம்மா வென்ற நாள் அது. பார்ப்பதற்கு அவர்தான் இல்லை.

இனி அப்பம்மா.

முகாமில் சிமோனோடு அதே 71ஆம் தொடரில் வந்தவர் மார்செலின் லோரிதான். பிறகு திரைப்பட இயக்குநர், தீவிர இடதுசாரி, வாயாடி, சிவப்புத் தலைமுடி. சிமோன் வலது-மையம், கொண்டை, முத்துமாலை. இந்த ரெண்டு பேரும் சாகும் வரைக்கும் உயிர் நண்பிகள். மார்செலின் சொல்லி வைத்த ஒரு விஷயம்: சிமோன் வெய், முன்னாள் அமைச்சர், கோப்பிக் கடைகளில் சின்னக் கரண்டிகளைக் களவாக எடுத்துக் கைப்பைக்குள் போடுவாராம். பிர்க்கெனாவில் கரண்டி இல்லை. சூப்பை நாய் மாதிரி நக்கித்தான் குடிக்க வேண்டும். அது திரும்ப நடக்கக் கூடாது. ஐம்பது, அறுபது வருடம் கழித்தும் கைக்கு அந்தப் பயம் இருந்தது. நான் படித்த எந்த வரலாற்றுப் புத்தகத்தையும் விட இந்தக் கரண்டி எனக்கு அதிகமாக விளங்கப்படுத்தியது.

முகாம்களில் இருந்து மீண்டவர்களில் கன பேர் பிள்ளைகளிடம் வாய் திறக்காமல், பேரப்பிள்ளைகள் கேட்டபோதுதான் கதைக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் அந்தக் காயத்தோடயே ஒரே வீட்டில் வளர்கிறார்கள், கேட்கப் பயம். பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பயம் குறைவு. 2004 டிசம்பரில், 77 வயதில், சிமோன் வெய் மகன்மாரோடும் பேரப்பிள்ளைகளோடும் அவுஷ்விட்ஸுக்குப் போனார். அவர் முதலிலும் அங்கே போயிருக்கிறார், உத்தியோகபூர்வமாக, மலர்வளையத்தோடு. இது வேறு. இந்த முறை வழிகாட்டி அப்பம்மாதான். இங்கேதான் ரயில் நின்றது, இந்தக் கட்டடத்தில்தான் படுத்தோம், இங்கேதான் என்ர அம்மா. கூட வந்த பேரப்பிள்ளைகளில், அவர் அங்கே இறங்கிய வயதை ஒத்தவர்களும் இருந்தார்கள்.

அடுத்த மாதம், 2005 ஜனவரி 27, முகாம் விடுவிக்கப்பட்ட அறுபதாவது ஆண்டு. உலகத் தலைவர்கள் முன்னால், பனிக்குள் நின்று, மீண்டவர்கள் சார்பாகப் பேசினார். கொல்லப்பட்ட குழந்தைகள் வளர்ந்திருந்தால் என்னவாகியிருப்பார்கள் என்று கேட்டார். தத்துவவாதிகளோ, கலைஞர்களோ, அல்லது வெறுமனே கைத்தொழிலில் கெட்டிக்காரரோ, பிள்ளை பெற்ற தாய்மாரோ. அவர்களை நினைக்கும்போதெல்லாம் இன்னும் அழுகை வருகிறது என்றார். இசியூவின் 34 குழந்தைகள் அவரோடு அதே ரயிலில் வந்தவர்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

2010இல் பிரெஞ்சு அக்கடமியில் அமர்ந்தபோது, மரபுப்படி கொடுக்கிற வாளில் குடியரசின் வாசகத்தோடும் ஐரோப்பாவின் வாசகத்தோடும் சேர்த்து 78651 என்ற இலக்கத்தையும் பொறிக்க வைத்தார். கோட்டு இலக்கமா என்று பகிடி விட்டவர் உயிரோடு இருந்து பார்த்தாரோ தெரியாது.

அவரைச் சாமியாக்கிக் கும்பிடுவதில் எனக்கு விருப்பமில்லை. போர்க்காலப் பிரான்சின் ஒத்துழைப்பைத் தோலுரித்த 'சோகமும் பரிவும்' ஆவணப்படத்தை அரச தொலைக்காட்சி வாங்குவதை, நிர்வாகசபை உறுப்பினராக இருந்தபோது அவர் எதிர்த்தார். எல்லாப் பிரெஞ்சுக்காரரையும் துரோகி போலக் காட்டுகிறது, காப்பாற்றியவர்களையும் மறைக்கிறது என்பது அவர் வாதம். வாதத்தில் நியாயம் இருந்தாலும், நாடு வாய்மூடி இருந்த காலத்தில் வாயைத் திறந்த படம் அது. 2013இல் தன்பாலினத் திருமணத்துக்கு எதிரான ஊர்வலம் வீட்டுப் பக்கம் வந்தபோது, கணவரோடு இறங்கிப் போய் ஆதரவு காட்டினார். அவரை நேசித்த கன இளைஞருக்கு அது இன்னும் ஆறாத புண். 1974இல் அவருக்கு விளங்கிய ஒன்று 2013இல் ஏன் விளங்கவில்லை என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை இருக்கு.

2017 ஜூன் 30இல் இறந்தார். ஜூலை 5, அன்வலிட் முற்றத்தில் அரச மரியாதை. ஜனாதிபதி, இராணுவ அணிவகுப்பு எல்லாம் நடக்கிற இடத்தில், மூத்த மகன் ஜான் எழுந்து அம்மாவை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். எதற்கு? ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் பெண்களைக் குறைத்து ஏதோ கதைத்தாராம். அம்மா தண்ணிக் குவளையைத் தூக்கி அப்படியே அவர் தலையில் ஊற்றிவிட்டாராம்.

அந்த முற்றத்திலேயே, குடும்பத்தின் சம்மதத்தோடு, அவரைக் கணவரோடு பாந்தியோனில் வைப்பதாக மக்ரோன் அறிவித்தார். 2018 ஜூலை 1இல் வைத்தார்கள். அங்கே இடம் கிடைத்த ஐந்தாவது பெண். 2024 மார்ச் 4இல் கருக்கலைப்புச் சுதந்திரம் பிரான்சின் அரசியலமைப்புக்குள்ளேயே எழுதப்பட்டது, 780க்கு 72 என்ற வாக்குகளால். ஒன்பது பெண்கள் இருந்த அந்தச் சபையில் இருந்து அரை நூற்றாண்டு.

இடையில் 2019 பெப்ரவரி. பாரிஸ் 13ஆம் வட்டாரத்தில் சி215 என்ற பெயரில் இயங்கும் வீதி ஓவியர் தபால் பெட்டிகளில் சிமோன் வெய்யின் முகத்தை வரைந்திருந்தார். யாரோ வந்து அந்த முகத்துக்கு மேல் ஸ்வஸ்திகா கீறிவிட்டுப் போனார்கள், 1974இல் வீட்டுச் சுவரில் கீறின மாதிரியே. ஓவியர் திரும்பவும் போனார், துடைத்தார், முகத்தைச் சரிபண்ணினார்.